கில்கென்னியில் இரண்டு இரவு: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டப்ளினில் இருக்கிறவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், முதலில் எல்லாரும் யோசிப்பது அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் இருக்கும் மோஹர் குன்றுகளைத்தான். விடியற்காலையில் கிளம்பி, பாதி நாளைப் பேருந்திலேயே கழித்து, அங்கே போனால் காற்றில் நிற்க முடியாமல் திரும்பி வருவார்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு அது சுற்றுலா இல்லை, தண்டனை. கில்கென்னி அப்படி இல்லை. ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இறங்கினால் கோட்டை, தேவாலயம், ஆறு, சந்து எல்லாம் நடக்கும் தூரத்தில். களைத்தால் பத்து நிமிடத்தில் ஹோட்டல் அறைக்கே திரும்பிவிடலாம்.

ஊர் சின்னது, நடை சுலபம். சிக்கல் முழுவதும் ஊருக்குப் போவதற்கு முன்புதான்: எந்த இரவு, எந்த அறை, யாருக்கு என்ன ஆவணம். நான் இதை ஏற்பாடு செய்தபோது ஒவ்வொரு தகவலையும் ஒவ்வொரு இடத்தில் தேட வேண்டியிருந்தது, அதிலும் சிலது அங்கே போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள், ஹோட்டலை அல்ல

அயர்லாந்தில் கல்யாணத்துக்கு முன் நண்பர்கள் கூட்டமாகப் போய்க் கொண்டாடும் வழக்கம் உண்டு. அதற்குப் பெயர்போன ஊர்களில் கில்கென்னியும் ஒன்று. வெள்ளி, சனி இரவுகளில் தலையில் இளஞ்சிவப்பு இறகு வைத்த பெண்கள் கூட்டமும், ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்ட ஆண்கள் கூட்டமும் தெருவை நிறைத்துவிடும். யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை, ஆனால் சத்தம் இருக்கும். அறை வாடகையும் ஏறும். நான் பார்த்தவரை வார நடுவில் 120 முதல் 150 யூரோவுக்குக் கிடைக்கும் இருவர் அறை, சனிக்கிழமை இரவுக்கு 200ஐத் தாண்டிவிடுகிறது. அதோடு சனிக்கிழமைக்கு ஒரு இரவு மட்டும் தரமாட்டோம், இரண்டு இரவு எடுத்தால்தான் என்று பல இடங்களில் சொல்வார்கள்.

அதனால் ஞாயிறு மதியம் போய் செவ்வாய் திரும்புவதுதான் என் பரிந்துரை. ஞாயிறு இரவு ஊர் காலியாகிவிடும், விலையும் இறங்கிவிடும். திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்து, செவ்வாய் காலை ரயிலில் திரும்பினால் மதியம் வேலைக்குக்கூட உட்காரலாம்.

இதில் ஒரு பொறி: அந்தத் திங்கள் பொது விடுமுறையாக இருந்தால் கணக்கு தலைகீழ். மே முதல் திங்கள் வரும் வாரயிறுதியில் ரூட்ஸ் இசை விழா. ஜூன் முதல் திங்கள் வாரயிறுதியில் கேட் லாஃப்ஸ் நகைச்சுவை விழா. ஆகஸ்டில் பத்து நாள் கலை விழா. அக்டோபர் கடைசித் திங்கள் வாரயிறுதியில் சேவர் உணவு விழா. விழாவுக்காகவே போனால் சரி, மாதக்கணக்கில் முன்பே அறை பிடியுங்கள். இல்லையென்றால் இந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்புறம் ஹர்லிங், மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஐரிஷ் விளையாட்டு. கில்கென்னிக்காரர்களுக்கு ஹர்லிங் என்றால் உயிர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் நௌலன் பார்க்கில் பெரிய ஆட்டம் இருந்தால் அன்றைக்கு அறையும் கிடைக்காது, உணவகத்தில் மேசையும் கிடைக்காது. கறுப்பும் மஞ்சளுமாகக் கொடி எங்கும் பறந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலேகாலுக்கே இருட்டிவிடும், கோட்டையும் சீக்கிரம் மூடிவிடும். நடந்து பார்க்கிற ஊருக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் நல்லது.

2. யாருக்கு என்ன ஆவணம்

அயர்லாந்தில் வசிப்பவர்கள்: உள்நாட்டுப் பயணம்தான், சோதனை எதுவும் இல்லை. ஆனாலும் ஐஆர்பி அட்டையை, அதாவது அயர்லாந்தில் வசிக்கும் அனுமதி அட்டையை, கையில் வைத்திருங்கள். ஹோட்டல் முகப்பில் புகைப்பட அடையாளம் கேட்டால் அதைக் காட்டலாம். எந்த வங்கி அட்டையால் முன்பதிவு செய்தீர்களோ அதே அட்டை, அதே பெயர் உள்ளவர் நேரில் இருக்க வேண்டும். மகன் அட்டையில் பதிவு செய்து அப்பா அம்மாவை மட்டும் அனுப்பி வைத்தால் முகப்பில் நிற்கவைத்துவிடுவார்கள். அப்படி அனுப்புவதானால் முன்கூட்டியே ஹோட்டலுக்கு ஃபோன் செய்து, தங்குபவர் பெயரைப் பதிந்து, மொத்தப் பணத்தையும் கட்டிவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து வரும் பெற்றோர்: குறுகிய காலத் தங்கலுக்கான சி வகை விசா வேண்டும். அதில் 90 நாள் வரை தங்கலாம். ஒருமுறை நுழைவுக்கு 60 யூரோ, பலமுறை நுழைவுக்கு 100 யூரோ, அதற்கு மேல் விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தின் சேவைக் கட்டணம். விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்ப வராது. முதலில் ஐரிஷ் குடிவரவுத் துறையின் இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். கடைசியில் வரும் சுருக்கத் தாளை அச்செடுத்துக் கையெழுத்திட்டு, மற்ற ஆவணங்களோடு சென்னையில் உள்ள விஎஃப்எஸ் மையத்தில் கொடுக்க வேண்டும். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு எட்டு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் வர நினைத்தால் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள்.

கேட்கும் ஆவணங்களில் நம்மவர்கள் தடுமாறும் இடங்கள் இவை. ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை வேண்டும். திடீரென்று ஒரு பெரிய தொகை வந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் விளக்கம் வையுங்கள். அழைப்புக் கடிதத்தோடு உங்கள் ஐஆர்பி நகல், பாஸ்போர்ட் நகல், சம்பளச் சீட்டு ஆகியவையும் போக வேண்டும். ஊருக்குத் திரும்புவார்கள் என்று காட்ட ஓய்வூதியச் சான்றோ சொத்து ஆவணமோ உதவும். தமிழில் இருக்கும் திருமணச் சான்று, பத்திரம் எதுவானாலும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும், முக்கிய வரிகளை மட்டும் மொழிபெயர்த்தால் போதாது. மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். விசா கைக்கு வரும் முன் விமானச்சீட்டு வாங்க வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். பயணத் திட்டம் மட்டும் காட்டினால் போதும்.

ஒருமுறை நுழைவு விசாவில் வந்த பெற்றோரைப் பெல்ஃபாஸ்ட் பார்க்க அழைத்துப்போகாதீர்கள். எல்லையில் பலகைகூடச் சரியாகத் தெரியாது, பேருந்து நிற்காமல் போய்விடும், ஆனால் வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. விசாவில் பிஐவிஎஸ் (அயர்லாந்து, பிரிட்டன் இரண்டுக்கும் செல்லும்) என்ற குறிப்பு இல்லையென்றால் அதற்குத் தனி விசா வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாதவர்களுக்குத் திரும்பி வரும்போது இந்தப் பக்க விசாவும் தீர்ந்துபோயிருக்கும். அயர்லாந்தில் வேலை பார்க்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கும் இதே கதைதான்: ஐஆர்பி அட்டை அங்கே செல்லாது. பழைய மதில் சூழ்ந்த ஊர் என்று டெரியைப் பற்றி ஆசையாகச் சொல்வார்கள். போகலாம், பிரிட்டிஷ் விசாவோடு.

பிரிட்டனிலிருந்து வருபவர்கள்: பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் விசா வேண்டாம், ஆனால் பாஸ்போர்ட்டை எடுத்து வாருங்கள், விமான நிறுவனங்கள் கேட்கும். லண்டனில் வேலை அனுமதியிலோ மாணவர் அனுமதியிலோ இருக்கும் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பிரிட்டனில் வசிக்கும் அனுமதி அயர்லாந்துக்குள் நுழையும் அனுமதி ஆகாது. தனியாக ஐரிஷ் விசா எடுக்க வேண்டும். இந்தியாவில் எடுத்த பிரிட்டிஷ் சுற்றுலா விசாவில் பிஐவிஎஸ் என்ற குறிப்பு இருந்தால் அதைக்கொண்டே அயர்லாந்துக்கும் வரலாம், ஆனால் முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்திருக்க வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா இங்கே செல்லவே செல்லாது. யூரோ புழங்குகிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் ஷெங்கனில் இல்லை.

3. ஹோட்டல் பதிவு: விலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஐரிஷ் ஹோட்டல்களின் விளம்பரத்தில் ஒரு விலை பெரிதாக இருக்கும், பக்கத்தில் பொடி எழுத்தில் பிபிஎஸ் என்று மூன்று எழுத்து இருக்கும். இருவர் சேர்ந்து தங்கும்போது ஒருவருக்கு இவ்வளவு என்று பொருள். 89 யூரோ என்று சந்தோஷப்பட்டால் அறைக்கு 178 ஆகும். அதுவும் ஒரு இரவுக்கா, இரண்டு இரவுக்குமா என்று இன்னொரு வரியில் இருக்கும். தனியாகத் தங்குபவருக்கு இந்தத் தொகையின் மேல் கூடுதல் கட்டணம் உண்டு. முன்பதிவுத் தளங்களில் அறைக்கான மொத்த விலை வரும் என்பதால் இரண்டையும் ஒப்பிடும்போது குழப்பம் வரும். காகிதத்தில் எழுதி, மொத்த இரவு, மொத்த ஆள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு இரவு, காலை உணவு, அதில் ஒரு இரவுச் சாப்பாடு என்று ஒரு தொகுப்பு ஊரூராக விற்பார்கள். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு லாபம். சைவம் என்றால் முதலில் அந்த இரவு உணவுப் பட்டியலை அனுப்பச் சொல்லுங்கள். சில இடங்களில் சைவத்துக்கு ஒரே ஒரு காளான் ரிசோட்டோ இருக்கும். தொகுப்புச் சாப்பாட்டுக்குத் தொகை வரம்பு வைத்து, மேலே போனால் பில்லில் ஏற்றுவதும் உண்டு.

வயதானவர்களுக்கென்று ஞாயிறு முதல் வியாழன் வரை தனிச் சலுகைத் தொகுப்பு பல ஹோட்டல்களில் உண்டு. பெரும்பாலும் கோல்டன் என்ற சொல் பெயரில் இருக்கும். இது முன்பதிவுத் தளங்களில் வராது, ஹோட்டலின் சொந்த இணையதளத்தில்தான் இருக்கும். பெற்றோரின் பாஸ்போர்ட் வயதைக் காட்டப் போதும். ஐரிஷ் குடிமகனா என்று கேட்பதில்லை.

இப்போது அறை. எந்த ஹோட்டல் என்பதைவிட எந்த அறை என்பதுதான் முக்கியம். எங்களுக்கு முதலில் கொடுத்த அறை தரைத்தள மதுக்கூடத்துக்கு நேர் மேலே இருந்தது. இரவு ஒன்றரைக்கும் தரை அதிர்ந்தது. அம்மா பாவம், ஊரில் கோயில் திருவிழா ஸ்பீக்கருக்குக் கீழே படுத்த மாதிரி இருக்கிறது என்றார். காலையில் கேட்டதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் ஒரு இரவுத் தூக்கம் போனது போனதுதான். ஜான் ஸ்ட்ரீட் பக்கம் இரவு விடுதிகள் அதிகம். ரயில் நிலையத்துக்கு அருகில் என்று பார்த்து அங்கே பதிவு செய்பவர்கள் இதைத் தெரிந்து செய்யுங்கள். பதிவு செய்த அன்றே ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் மூன்று விஷயம் கேளுங்கள்:

பின்பக்க அறை, மதுக்கூடத்துக்கு மேலே வேண்டாம்.
மின்தூக்கி உண்டா, அது நம் அறை இருக்கும் தளம் வரை வருமா. பழைய கட்டடங்களில் பாதியில் நின்றுவிடும், மீதி படிதான்.
குளிக்கத் தொட்டிக்குள் ஏற வேண்டுமா, நேராக நிற்கும் ஷவரா. முட்டி வலிக்காரர்களுக்கு இது பெரிய விஷயம்.

திரும்பப் பெற முடியாத விலை என்று ஒன்று பத்துப் பதினைந்து யூரோ குறைவாகக் காட்டும். பெற்றோரின் விசா இன்னும் வரவில்லையென்றால் அதைத் தொடவே தொடாதீர்கள். ரத்து செய்யக்கூடிய விலையை எடுத்து, கடைசித் தேதியைக் கைபேசியில் குறித்து வையுங்கள்.

உள்ளே நுழையும்போது முகப்பில் அட்டையை வாங்கி ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். கடன் அட்டை என்றால் தெரியாது. டெபிட் அட்டை என்றால் உங்கள் பணமே சில நாள் முடங்கிக் கிடக்கும், மாதக் கடைசியில் இது வலிக்கும். அறை பெரும்பாலும் மாலை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை மட்டும் முன்பே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதற்குக் காசில்லை. மின் முனை பிரிட்டிஷ் மாதிரி மூன்று செவ்வக முள். ஊரிலிருந்து வந்தவர்களின் சார்ஜருக்கு மாற்றி தேவை.

4. போய்ச் சேருவது

டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து வாட்டர்ஃபோர்டு போகும் ரயில் கில்கென்னியில் நிற்கும். கில்டேர், அதாய் (Athy), கார்லோ வழி. டப்ளின் ஊருக்குள்ளிருந்து ஹியூஸ்டனுக்கு லூவாஸ் டிராமின் சிவப்புத் தடம் போகிறது. டப்ளின் பேருந்தில் தட்டும் லீப் அட்டை இந்த ரயிலுக்குச் செல்லாது. தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். ஐரிஷ் ரயில் இணையதளத்தில் முன்கூட்டி எடுத்தால் ஒருவழிக்குச் சுமார் 15 யூரோவில் கிடைத்துவிடும், நிலையத்தில் எடுத்தால் அதிகம். இணையத்தில் எடுத்தால் இருக்கையும் உறுதி, மேலே சின்னத் திரையில் உங்கள் பெயர் ஓடும். யாராவது உட்கார்ந்திருந்தால் தயங்காமல் காட்டுங்கள், எழுந்துவிடுவார்கள். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் கல்லூரி மாணவர்கள் நிறைந்து நின்றுகொண்டே வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில்களின் எண்ணிக்கை குறைவு, நேரத்தைப் பார்த்த பிறகு ஹோட்டல் பதிவு செய்யுங்கள்.

66 வயதுக்கு மேல் இலவசம் என்று கேள்விப்பட்டு சிலர் பெற்றோருக்குச் சீட்டே எடுக்காமல் போகிறார்கள். அந்த இலவசம் இங்கே வசிப்பவர்களுக்கு வழங்கும் அட்டைக்குத்தான். சுற்றுலா வந்தவர்களுக்கு இல்லை.

இறங்கும் நிலையத்தின் பெயர் மெக்டோனா. வெளியே வந்து ஜான் ஸ்ட்ரீட் வழியாக இறங்கினால் நோர் ஆற்றுப் பாலம், ஜான்ஸ் பிரிட்ஜ். பாலத்தின் நடுவில் நின்றால் வலப்பக்கம் ஊர், இடப்பக்கம் ஆற்றுக்கு மேலே கோட்டை. நிலையத்திலிருந்து கோட்டை வாசல் வரை பெட்டியோடு நடந்தாலும் கால் மணி நேரம்.

கார் வேண்டுமா? என் கருத்தில் வேண்டாம். நடுவூரில் உள்ள பல ஹோட்டல்களுக்குச் சொந்த நிறுத்துமிடம் கிடையாது, தெருவில் காசு போட்டு நிறுத்தி மணிக்கொருமுறை கவலைப்பட வேண்டும். பக்கத்திலுள்ள டன்மோர் குகையும் தாமஸ்டவுன் அருகே உள்ள ஜெர்பாயிண்ட் மடமும் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் கார் எடுங்கள்.

5. நடை: எந்த வரிசையில்

கோட்டையிலிருந்து செயின்ட் கேனிஸ் தேவாலயம் வரை ஒரே கோடு. தி பரேட், ஹை ஸ்ட்ரீட், பார்லிமென்ட் ஸ்ட்ரீட், ஐரிஷ்டவுன் என்று பெயர் மாறிக்கொண்டே போகும், தெரு ஒன்றுதான். இதைத்தான் மெடீவல் மைல் என்கிறார்கள். நிற்காமல் நடந்தால் இருபது நிமிடம். அதனால் அவசரமே இல்லை.

சேர்ந்த அன்று மாலை: சீட்டு வாங்க வேண்டாத இடங்கள் மட்டும். ஜான்ஸ் பிரிட்ஜ் பக்கம் கேனால் ஸ்கொயரிலிருந்து ஆற்றோரமாக ஒரு பாதை போகிறது. கோட்டைச் சுவருக்கு அடியிலேயே, சமதளம், மரநிழல். பெற்றோருக்கு இதுதான் மிகவும் பிடித்தது. திரும்பி வந்து கோட்டைப் பூங்காவில் உட்காருங்கள். ரோஜாத் தோட்டமும் பெரிய புல்வெளியும் இலவசம்.

மறுநாள் காலை: கோட்டை திறக்கும் நேரத்துக்கே வாசலில் இருங்கள். டப்ளினிலிருந்து வரும் ஒருநாள் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்கிவிட்டால் மாடிப்படியில் வரிசை நகராது. பெரியவர்களுக்கு 8 யூரோ அளவில் சீட்டு, மூத்தோருக்கும் மாணவர்களுக்கும் குறைவு, கோடையில் இணையத்தில் நேரம் பதிந்துவிடுங்கள். வருடத்தில் இப்படி ஆறேழு அரசுப் பாரம்பரிய இடங்களுக்குப் போவீர்கள் என்றால் ஹெரிட்டேஜ் அட்டை வாங்கினால் லாபம். பெரியவருக்கு 40 யூரோ, ஒரு வருடம் செல்லும். உள்ளே ஒன்றரை மணி நேரம் போதும். அறைகளை வேகமாகக் கடந்தாலும் கடைசியில் வரும் ஓவியக் கூடத்தில் நில்லுங்கள். நீண்ட கூடம், மேலே வண்ணம் தீட்டிய மரக்கூரை, கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம். நடுவில் உட்கார இடம் உண்டு.

எதிரே கோட்டையின் பழைய குதிரை லாயங்களில் கைவினைக் கடைகளும் ஒரு உணவிடமும் இருக்கின்றன. கழிப்பறை வேலையை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், மேலே தெருவில் தேடினால் கிடைக்காது.

பிறகு ஹை ஸ்ட்ரீட். தூண் வரிசையோடு நடைபாதைக்கு மேலேயே நிற்கும் தோல்செல் கட்டடத்தைத் தாண்டினதும் கீழே கீரன் ஸ்ட்ரீட்டுக்கு இறங்கும் பட்டர் ஸ்லிப் என்ற சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மேலே வளைவு, கீழே படி, வெயில் உள்ளே வருவதேயில்லை, அதனால் படி எப்போதும் ஈரம். இந்த ஊர்க் கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். கில்கென்னியின் கறுப்புச் சுண்ணாம்புக்கல்லுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பிறை வடிவில் தெரிவதெல்லாம் கல்லாகிப்போன சிப்பிகள். குனிந்து பார்க்க அழகு, மழையில் நனைந்தால் சறுக்கும். செருப்பு, தோல் அடிப்பாகம் உள்ள ஷூ எதுவும் வேண்டாம். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள். அம்மா சேலையில் வருவதானால் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

மெடீவல் மைல் அருங்காட்சியகம், ரோத் ஹவுஸ் இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டு. இரண்டையும் பார்க்க நேரமில்லையென்றால் ரோத் ஹவுஸை எடுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக வீடும் முற்றமுமாக நீண்டு, கடைசியில் தோட்டத்தில் முடியும். நம்மூர் இரண்டு கட்டு வீடு பார்த்தவர்களுக்கு உடனே பிடித்துவிடும். ஸ்மித்விக்ஸ் மதுவாலைச் சுற்றுலா பார்லிமென்ட் ஸ்ட்ரீட்டிலேயே இருக்கிறது. குடிக்காதவர்கள் விட்டுவிடலாம், இழப்பில்லை. பக்கத்தில் பழைய மதில் வாசலைத் தாண்டி பிளாக் அபே. அனுமதி இலவசம். ஆனால் அது இன்றும் வழிபாடு நடக்கும் தேவாலயம், பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். மாலை வெயிலில் அந்தப் பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல் தரையெல்லாம் நிறம் கொட்டும்.

கடைசியில் செயின்ட் கேனிஸும் அதை ஒட்டிய வட்டக் கோபுரமும். கோபுரம் சுமார் 30 மீட்டர். அயர்லாந்தில் ஏறிப் பார்க்க விடும் மிகச் சில வட்டக் கோபுரங்களில் ஒன்று. உள்ளே படிக்கட்டு என்று நினைத்துப் போகாதீர்கள். தளத்துக்குத் தளம் செங்குத்தான மர ஏணி, இறங்கும்போது முதுகை வெளிப்பக்கம் வைத்துப் பின்னோக்கித்தான் இறங்க முடியும். சிறு குழந்தைகளை ஏற விடமாட்டார்கள், தோள்பையைக் கீழே வைத்துவிட வேண்டும். பெற்றோர் தேவாலயத்துக்குள் உட்கார்ந்திருக்க, நீங்கள் மட்டும் ஏறிவிட்டு வாருங்கள். மழையோ பலத்த காற்றோ இருந்தால் கோபுரத்தை மூடிவிடுவார்கள். அதனால் காலையிலேயே வானம் தெளிவாக இருந்து மதியத்துக்கு மழை என்று காட்டினால், மேலே சொன்ன வரிசையைக் கலைத்துவிட்டு நேராகக் கோபுரத்துக்குப் போங்கள். ஞாயிறு காலை தேவாலயத்தில் ஆராதனை இருக்கும், அன்றைக்கு மதியத்துக்கு மேல் போவது நல்லது.

குடை வேண்டாம், தலைமூடி வைத்த மழைச்சட்டை போதும்.

6. சாப்பாடு

ஹோட்டல் காலை உணவை அறையோடு சேர்த்தே எடுங்கள், தனியாக என்றால் ஆளுக்கு 15 யூரோவுக்கு மேல். தட்டில் வட்ட வில்லையாகக் கறுப்பாக இருப்பது பிளாக் புட்டிங். அது பன்றி ரத்தம் சேர்த்தது. வெள்ளையாக இருப்பதும் பன்றி இறைச்சிதான். ரேஷர் என்றால் பன்றி, சாஸேஜும் பன்றி. மாட்டிறைச்சி மட்டும் தவிர்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சைவர்களுக்கு ஓட்ஸ் கஞ்சி, பிரவுன் பிரெட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, தக்காளி. முட்டை சாப்பிட்டால் கவலையே இல்லை. அவர்களுடைய பிரவுன் சோடா பிரெட்டும் உப்பு வெண்ணெயும் உண்மையிலேயே அருமை.

மதியம் காய்கறி சூப் கேட்டால், அது கோழி வேகவைத்த நீரில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். பட்டியலில் சூப் பெயருக்குப் பக்கத்தில் எண்கள் இருக்கும், அவை ஒவ்வாமைப் பொருட்களுக்கான குறிப்பு, சைவமா என்று சொல்லாது. சோறு இல்லாமல் முடியாது என்றால் ஊருக்குள் இந்திய உணவகங்களும் உண்டு. ஆனால் பல உணவகங்கள் மாலை ஐந்துக்குத்தான் திறக்கும், ஒன்பதுக்கு மேல் அடுப்பை அணைத்துவிடும். நம் வழக்கப்படி ஒன்பதரைக்குக் கிளம்பினால் பட்டினிதான். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, உணவகத்தில் பத்து சதவீதம் வைத்தால் மரியாதை.

பாரம்பரிய இசை கேட்கப் பப்புக்குக் குழந்தைகளோடு போக நினைப்பவர்களுக்கு: 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இரவு 9 மணிக்கு மேல் மதுக்கூடத்தில் இருக்கக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. பல இடங்களில் இசை தொடங்குவதே ஒன்பதரைக்குத்தான். ஞாயிறு மாலையிலேயே வாசிக்கும் இடமாகப் பார்த்து, ஆறு மணிக்கே போய் உட்காருங்கள். குடிக்காதவர்கள் டீ வாங்கிக்கொண்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

7. திரும்புவது

அறையைக் காலை 11 அல்லது 12க்குக் காலி செய்ய வேண்டும், பெட்டியை முகப்பில் விட்டுவிட்டு ஊரைச் சுற்றலாம். பில்லில் சாப்பாட்டுத் தொகுப்புக்கு மேல் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், வீட்டுக்கு வந்து மின்னஞ்சலில் சண்டை போடுவது கஷ்டம்.

மெக்டோனா நிலையத்தில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. டப்ளினிலிருந்து வரும் ரயில் உள்ளே வந்து, வந்த வழியே பின்னோக்கி வெளியேறி வாட்டர்ஃபோர்டு போகும். வாட்டர்ஃபோர்டிலிருந்து வருவதும் அப்படியே திரும்பி டப்ளின் போகும். அதாவது இரண்டு ரயில்களும் ஒரே திசையில்தான் புறப்படும். எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து ஊகிக்காதீர்கள். நடைமேடைத் திரையில் டப்ளின் ஹியூஸ்டன் என்று இருக்கிறதா என்று படித்துவிட்டே ஏறுங்கள். மாறி ஏறினால் அடுத்த நிறுத்தம் தாமஸ்டவுன், அங்கே அடுத்த ரயிலுக்கு வெகு நேரம் காத்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் காரிலேயே போனவர்கள், திரும்பும்போது டப்ளின் எம்50 சாலையில் சுங்கம் உள்ள பகுதியைக் கடந்தால் அங்கே சாவடி எதுவும் இருக்காது, கேமரா மட்டும்தான். மறுநாள் இரவு 8 மணிக்குள் இணையத்தில் கட்டிவிடுங்கள். வாடகைக் கார் என்றால் அந்த நிறுவனமே கட்டுமா, நீங்கள் கட்ட வேண்டுமா என்று சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அபராதம் உங்கள் அட்டையில்தான் ஏறும்.